ஹீட் க்யூர் அக்ரிலிக்கின் கடினத்தன்மை செல்ஃப் க்யூரைவிடக் குறைவாக வருகிறது, ஏன்?

அல்சூர் லேப் (பெங்களூரு):
வணக்கம். பல்செட் தட்டுக்கான ஹீட் க்யூர் (சூட்டில் இறுகும் அக்ரிலிக்), செல்ஃப் க்யூர் (சூடில்லாமல் தானே இறுகும் அக்ரிலிக்), நைலான் ஃபிளெக்ஸிபிள் மூன்றிலும் துண்டு செய்து விக்கர்ஸ் கருவியில் (வைர முனையை அழுத்தி, விழும் பள்ளத்தை அளந்து கடினத்தன்மை எண் சொல்வது) பார்த்தோம். எடை 50 கிராம், 15 நொடி. ஹீட் க்யூர் 13-க்கும் 16-க்கும் நடுவே ஆடுகிறது. செல்ஃப் க்யூர் 16. நைலானில் பள்ளத்தின் மூலையே தெளிவாக இல்லை, ஆளுக்கு ஓர் எண் சொல்கிறோம். ஹீட் க்யூரை 74 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து எடுத்து, ஒரு வாரம் தண்ணீரில் போட்டிருந்தோம். செல்ஃப் க்யூர் துண்டு டப்பாவில் உலர்வாக இருந்தது. எங்கே தப்பு?

மெழுகுக்கத்தி:
சார், 74-ல் 2 மணி நேரம் என்பது பாதி வேலைதான். அதன்பிறகு கொதிநிலைக்கு ஏற்றி 1 மணி நேரம் விட வேண்டும். கொதிக்கவிட விருப்பமில்லை என்றால் 74-லேயே 8 மணி நேரம். நடுவில் எடுத்தால் வினைபுரியாத மோனோமர் (பவுடரோடு கலக்கும் லிக்விட்) உள்ளேயே தங்கி அக்ரிலிக்கை இளக்கிவிடும். ஒழுங்காக வெந்த ஹீட் க்யூரில் அது 0.2 முதல் 0.5 சதவீதம்தான்; செல்ஃப் க்யூரில் 3 முதல் 5 சதவீதம். ஹீட் க்யூர் கெட்டியாக இருக்கக் காரணமே இந்த வித்தியாசம்தான், அதைத்தான் நீங்கள் இழந்திருக்கிறீர்கள்.

அவசரப்பட்டு நேராகக் கொதிநீரிலும் போடாதீர்கள். மோனோமர் 100.8 டிகிரியில் கொதிக்கும். வினையின் சூடும் சேர்ந்தால் தடிமனான இடத்தில் பொடிப்பொடியாகத் துளை விழும். பெங்களூரு உயரத்தில் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அது போதும், 100 காட்டவில்லையே என்று ஹீட்டரை முடுக்க வேண்டாம். போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் சென்சாரைப் பாருங்கள். உப்பு படிந்திருந்தால் டயலை நம்ப முடியாது. தனித் தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள். பவுடர் 3 பங்கு, லிக்விட் 1 பங்கு, அளவுக் குவளையில். ஃபிளாஸ்க்கை (அச்சுப் பெட்டியை) வெளியே 30 நிமிடம் ஆறவிட்டு, பிறகு 15 நிமிடம் குழாய்த் தண்ணீரில் வைத்துத் திறங்கள்.

வைரமுனை:
அளக்கும் முறையிலும் கோளாறு இருக்கிறது. ஒன்று ஊறியது, மற்றொன்று உலர்ந்தது. தண்ணீரும் அக்ரிலிக்கை இளக்கும். எல்லாத் துண்டையும் 37 டிகிரி நீரில் ஒரே அளவு நாள் வையுங்கள்.

உதாரணமாக எண் 18 வந்தால், 50 கிராமுக்குப் பள்ளத்தின் மூலைவிட்டம் சுமார் 72 மைக்ரான், ஆழம் 10 மைக்ரான். அதாவது நீங்கள் சோதிப்பது மேல்தோலை மட்டும். பர் (சுழலும் வெட்டுமுனை) வைத்து உலர்வாகச் சூடேறத் தேய்த்திருந்தால் அந்தத் தோலே மாறியிருக்கும். 400, 600, 1200 வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிறகு பாலிஷ். ஐந்து பள்ளம், ஒன்றுக்கொன்றும் ஓரத்திலிருந்தும் கால் மில்லிமீட்டராவது தள்ளி. 72-ல் 2 மைக்ரான் பிசகினாலே எண்ணில் 1 போய்விடும். எடையை எடுத்த பிறகு பள்ளம் மெல்லச் சுருங்கும், எண் ஏறும்; அதனால் ஒவ்வொன்றையும் ஒரே இடைவெளியில் படியுங்கள்.

நைலான் மீண்டெழும் பொருள், விக்கர்ஸுக்கு ஒத்துவராது. ஷோர் டி-யில் (முனை எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று பார்க்கும் கடினத்தன்மை அளவு) அளவிடுங்கள், தடிமன் 6 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. அந்த எண்ணை விக்கர்ஸ் எண்ணோடு ஒப்பிட முடியாது. மூன்றையும் ஒப்பிட வேண்டுமா, மூன்றையும் ஷோர் டி-யிலேயே பாருங்கள்.

அல்சூர் லேப்:
தெர்மாமீட்டர் 68 காட்டியது, டயலில் 74! சென்சாரில் வெள்ளையாகப் படிந்திருந்தது, சுரண்டிவிட்டோம். துண்டுகளைப் புதிதாகச் செய்கிறோம். இன்னொன்று: டாக்டர் ‘கெட்டியானது’ கேட்கிறார். பல்லுக்கும் எண் அதிகமான பீங்கானையே போட்டுவிடலாமா?

மெழுகுக்கத்தி:
எதிர்த்தாடையில் சொந்தப் பல் இருந்தால் வேண்டாம். நூப் அளவில் (இன்னொரு கடினத்தன்மை அளவு) எனாமல் 343, பீங்கான் 460 வாக்கில், அக்ரிலிக் 20 சுற்றி. பீங்கான் எனாமலைத் தேய்த்துவிடும். பீங்கான் அக்ரிலிக்கோடு வேதியாக ஒட்டாது, பின்னோ துளையோதான் பிடித்து நிற்கும்; அக்ரிலிக் பல் தட்டோடு ஒன்றாகிவிடும்.

தட்டு விஷயத்தில், கடினத்தன்மை கீறலைத் தாங்குமா என்பதைச் சொல்லும். உடையுமா என்பது வளைவு வலிமை, பல்செட் தட்டுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 20795-1 ஹீட் க்யூருக்கு 65 மெகாபாஸ்கல், செல்ஃப் க்யூருக்கு 60 கேட்கிறது. டாக்டரிடம் எது கேட்கிறார் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்குப் பற்பசை வேண்டாம், சோப்பும் மென்மையான பிரஷும் போதும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். பேஸ்ட் போட்ட கீறலில்தான் அழுக்கும் பூஞ்சையும் தங்கும்.