பாடிக்கொண்டே வாசிக்க எந்தக் கிட்டார்: பெரிய உடலா, சிறிய உடலா?

பென்னாகரம் மலர்:
அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. சிறு வயதில் ஐந்து ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றேன். என் சுருதி ஐந்தரைக் கட்டை. இரண்டு ஆண்டுகளாகத் தம்பியின் பழைய கிட்டாரில் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களின் தொகுப்பு) பிடித்துப் பாடிப் பழகியபின், இப்போது எனக்கென்று ஒன்று வாங்க நினைக்கிறேன். மாலையில் வீட்டிலும், சில நாள் வகுப்பறையிலும், மைக் இல்லாமல் நானே வாசித்துப் பாட வேண்டும். மேடை ஆசை இல்லை. யமஹா எஃப்ஜி800, எஃப்எஸ்800 ஆகிய இரண்டுக்கும் இடையில் தடுமாறி நிற்கிறேன். இரண்டுக்கும் மேற்பலகை பிளைவுட் அல்லாத முழு ஸ்ப்ரூஸ் பலகைதான். முதலாவது டிரெட்நாட் பாணியில் அமைந்த பெரிய உடல்; இரண்டாவது இடை ஒடுங்கிய சிறிய உடல். பாட்டுக்குத் துணையாக எது நிற்கும்?

ஓசூர் இன்னிசை:
சகோதரி, பெரியதையே வாங்குங்கள். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்குப் பல ஆண்டுகளாக டிரெட்நாட் வாசித்து வரும் அனுபவத்தில் சொல்கிறேன். தனியாகப் பாடுபவருக்கு மிருதங்கமோ தபேலாவோ பக்கத்தில் இருக்காது. தாளத்தையும் அடித்தளத்தையும் கிட்டாரே தர வேண்டும், அதற்கு ஆழமான தாழ்ந்த ஒலி வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. ஐந்தரைக் கட்டையில் உங்கள் ஸட்ஜம், அதாவது 'ஸ', ஏறக்குறைய 208 ஹெர்ட்ஸில் இருக்கிறது. கிட்டாரின் மிகத் தடித்த ஆறாவது கம்பியோ 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. டிரெட்நாட்டின் பலம் கீழே இருப்பதால், நடுவில் உங்கள் குரலுக்கு இடம் விட்டுக் கொடுக்கும். சிறிய உடலின் பலம் நடு ஒலியில்தான் இருக்கிறது. அது உங்கள் குரல் நடமாடும் அதே வீதியில் வந்து இடிக்கும்.

காவேரிப்பட்டணம் பாடகன்:
ஓசூர் அண்ணன் சொல்லும் கணக்கு சரியானதுதான். ஆனால் காது அப்படிக் கேட்பதில்லை. பலமான தாழ்ந்த ஒலி தனக்கு மேலே இருக்கும் ஒலிகளை மூடிவிடும். உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அந்த அளவுக்கு மூடுவதில்லை. இதை நான் மூன்று ஆண்டுகள் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். டிரெட்நாட்டை மடியில் வைத்துத் திண்ணையில் பாடும்போது எனக்கு எல்லாம் நிறைவாகக் கேட்கும், ஆனால் எதிரே வாசற்படியில் உட்கார்ந்து கேட்ட என் அத்தை, "மழை என்று பாடினாயா, மலை என்று பாடினாயா?" என்று கேட்டார். ழகரமும் லகரமும் கிட்டாரின் முழக்கத்தில் கரைந்து போயிருந்தன. அதைச் சமாளிக்க நான் குரலை உயர்த்தினேன், குரல் உயர்ந்ததும் கையும் பலமாக அடித்தது, ஒரு மணி நேரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. தமிழில் பாடுபவருக்குச் சொல் முதலில் கேட்க வேண்டும்.

மூச்சையும் மறக்க வேண்டாம். எஃப்ஜி800இன் உடல் 118 மில்லிமீட்டர் வரை ஆழமுள்ளது. எஃப்எஸ்800 அதிகபட்சம் 110 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். உயரம் குறைந்தவர் பெரிய உடலைக் கட்டிப்பிடித்து உட்காரும்போது வலது தோள் காதை நோக்கி ஏறுகிறது, மேல் விளிம்பு விலாவில் அழுந்துகிறது, மூச்சு வயிற்றுக்கு இறங்காமல் மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. வாய்ப்பாட்டு கற்ற உங்களுக்கு அதன் விளைவை நான் விளக்க வேண்டியதில்லை.

ஓசூர் இன்னிசை:
தம்பி, உங்கள் அத்தைக்குச் சொல் கேட்காமல் போனதற்குக் காரணம் உங்கள் கை. கம்பியை மீட்டும் மெல்லிய வில்லையான பிக் எடுத்து, எல்லாக் கம்பிகளையும் ஒரே சீராக அறையாமல், பாடும் இடத்தில் உயர்ந்த ஒலி தரும் நான்கு கம்பிகளை மட்டும் வருடி, வரி முடிந்த இடத்தில் முழுக் கையை விட்டால் டிரெட்நாட்டும் அடங்கி ஒலிக்கும். பெரியதை அடக்கி வாசிக்கப் பழகலாம். சிறியதிலிருந்து இல்லாத ஆழத்தை எந்தப் பழக்கத்தாலும் வரவழைக்க முடியாது. மைக் இல்லாத வகுப்பறையில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்கினால் சிறிய கிட்டார் காணாமல் போகும். இந்த ஒன்றுக்காகவாவது சகோதரி யோசிக்க வேண்டும்.

தருமபுரித் தச்சன்:
அளவைப் பற்றி இருவரும் இவ்வளவு பேசிவிட்டீர்கள். மரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. தச்சு வேலையோடு கிட்டார் பழுதும் பார்க்கிறேன். முழுப் பலகை கிட்டாருக்குக் காற்றில் 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் நல்லது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில், கான்கிரீட் கூரையின் கீழ், மின்விசிறிக்கு நேரே சுவரில் மாட்டி வைத்தால் அந்த ஈரம் எங்கிருந்து வரும்? கழிந்த கோடையில் ஒருவர் கொண்டுவந்த கிட்டாரில், மேற்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குக் கீழே மரத்தின் ரேகையோடு ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. விரல்பலகை சுருங்கியதால், அதில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்னும் உலோகக் கம்பிகளின் நுனி வெளியே நீட்டி விரலை அறுத்தது. பிளைவுட் மேற்பலகையில் மரத்தாள்கள் ரேகை குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அவ்வளவு எளிதில் பிளக்காது. ஒலி சற்றுக் குறையும், ஆயுள் கூடும். எனவே யமஹா எஃப்310 போன்ற பிளைவுட் கிட்டாரே இவருக்குப் போதும் என்பது என் கருத்து.

ஓசூர் இன்னிசை:
என் முழுப் பலகை கிட்டாரில் இதுவரை ஒரு கீறல்கூட விழவில்லை, ஐயா.

தருமபுரித் தச்சன்:
ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தம்பி. நீங்கள் இரவில் போர்வை தேடும் மாதத்தில் நாங்கள் மொட்டை மாடியில் படுக்கிறோம்.

காவேரிப்பட்டணம் பாடகன்:
தச்சர் ஐயாவின் அச்சம் நியாயமானது என்றாலும், அதற்காக ஒலியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மூடியில் துளையிட்ட சோப்பு டப்பாவுக்குள், நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சு ஒன்றை வைத்து, கிட்டாரோடு பெட்டிக்குள் போட்டு மூடி வையுங்கள். கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஸ்பாஞ்சைத் தொட்டுப் பார்த்தால் போதும். மெதுவாகப் பாடுபவர் கம்பியை மெதுவாகத்தான் தொடுவார். அந்த மென்மைக்கு முழுப் பலகை கொடுக்கும் மறுமொழியைப் பிளைவுட் கொடுப்பதில்லை.

தருமபுரித் தச்சன்:
ஸ்பாஞ்சு வைப்பவர் நூற்றில் எத்தனை பேர்? இவர் வைப்பார் என்றால் என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எதை வாங்கினாலும் 12ஆவது ஃப்ரெட்டில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள் அம்மா. ஆறாவது கம்பி இரண்டரை மில்லிமீட்டருக்கு அருகிலும், முதல் கம்பி இரண்டுக்குச் சற்றுக் கீழேயும் இருந்தால் கை நோகாது. வெளியூர்க் கடை ஒன்றில் வாங்கிய கிட்டாரில் நான்கு மில்லிமீட்டர் உயரம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை வாங்கிய பையன் தன் விரலுக்கு வலுவில்லை என்று நினைத்து வாசிப்பதையே நிறுத்தியிருந்தான்.

பென்னாகரம் மலர்:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு பெங்களூரு சென்று இரண்டிலும் பாடிப் பார்த்தேன். தம்பியைக் கடையின் மறுகோடியில், எனக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, அவனுக்குத் தெரியாத ஒரு பாட்டின் இரண்டு வரிகளைப் பாடி, கேட்டதை எழுதச் சொன்னேன். சிறிய உடலோடு பாடியபோது எல்லாச் சொற்களையும் எழுதினான். பெரியதோடு பாடியபோது மூன்று சொற்களை விட்டுவிட்டான். ஓசூர் அண்ணன் சொன்னபடி மெல்லிய பிக்கால் வருடியபின் அது ஒன்றாகக் குறைந்தது. அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. ஐந்தரைக் கட்டைக்காக நான்காவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வி) போட்டு, ஈ (E) வடிவக் கார்டுகளை வாசிக்கிறேன். அப்போது முதல் கம்பியும் ஆறாவது கம்பியும் திறந்த நிலையிலேயே ஸட்ஜமாக நிற்கின்றன. தம்பூராவை மடியில் வைத்தது போன்ற நிம்மதி. ஆனால் அந்த நிலையில் என் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஒலியே 104 ஹெர்ட்ஸ். அண்ணன் சொன்ன 82 ஹெர்ட்ஸ் ஆழம் என் பாட்டில் ஒருநாளும் ஒலிக்கப்போவதில்லை. எஃப்எஸ்800 வாங்கிவிட்டேன்.

ஓசூர் இன்னிசை:
104 ஹெர்ட்ஸையும் பெரிய உடல்தான் நன்றாக முழக்கும் என்பதில் எனக்கு இன்னும் மாற்றுக் கருத்து இல்லை, சகோதரி. வகுப்பில் பிள்ளைகளோடு பாடிய பிறகு எப்படி இருந்தது என்று அவசியம் எழுதுங்கள்.

பென்னாகரம் மலர்:
எழுதுகிறேன் அண்ணா. தச்சர் ஐயா, சோப்பு டப்பாவில் துளை போட்டாயிற்று. ஆறாவது கம்பி மூன்று மில்லிமீட்டர் இருக்கிறது, சனிக்கிழமை கொண்டு வரலாமா?