ஓய்வுக்குப் பிறகும் அவ்வப்போது வேலை: எப்படி ஒத்துக்கொள்வது?

கேள்வி: ஓய்வு பெற்றாச்சு. பழைய அலுவலகத்தில் கணக்குச் சரிபார்க்க மாதம் ஓரிரு முறை கூப்பிடுகிறார்கள். வேலை பிடிக்கும், ஆனால் ஓய்வும் கெடக்கூடாது. என்ன நிபந்தனை போடலாம்?

பதில் 1: மாதச் சம்பளம்னு மட்டும் பேசாதீங்க சார், எப்ப வேணும்னாலும் கூப்பிடுவாங்க. ஒவ்வொரு வேலைக்கும் தனியா ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்க: எதை முடிச்சுத் தரணும், எந்தத் தேதிக்குள்ள, எத்தனை திருத்தம். வேலை இழுக்கிறதே திருத்தத்துலதான். 2 முறைக்கு மேல போனா தனிக் கட்டணம்னு போடுங்க. போன்ல கேக்குற "சின்ன சந்தேகம்" கூட நேரக் கணக்குதான். அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வந்துடுங்க.

பதில் 2: கட்டணம் வைக்கும்போது பழைய சம்பளத்தை அப்படியே மணிக்கு வகுத்தால் நஷ்டம். லீவு, போக்குவரத்து, கோப்பு படிக்கும் நேரம் எல்லாம் இப்போது உங்கள் செலவு. ஓய்வூதியத்தோடு இந்த வருமானமும் சேர்ந்தால் வரி கூடலாம். பணம் வந்த அன்றே ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள்.

பதில் 3: நாள் கொடுப்பதாக இருந்தால் செவ்வாய், புதன் என்று அடுத்தடுத்துக் கொடுங்கள். திங்களும் வெள்ளியும் கொடுத்தால் வாரம் முழுக்கப் போச்சு, எங்கேயும் கிளம்ப முடியாது.