மேனுவல் டெஸ்டிங் அனுபவத்தை ஆட்டோமேஷன் என்று ரெஸ்யூமில் எழுதலாமா?

பெருங்குடி மாறன்:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு சேவை நிறுவனத்தில் மூன்றரை ஆண்டுகளாக மேனுவல் டெஸ்டிங் (மென்பொருளைக் கையால் சோதிப்பது) செய்து வருகிறேன். சேர்ந்த நாள் முதல் ஒரே புராஜெக்ட்தான். ஆயுள் காப்பீட்டுக்கான பிரீமியம் கணக்கிடும் மென்பொருளுக்கு டெஸ்ட் கேஸ் எழுதுவது, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ரெக்ரஷன் (பழைய வசதிகள் கெடவில்லையா என்று மீண்டும் சோதிப்பது) ஓட்டுவது, பிழைகளை ஜிரா என்ற பதிவு மென்பொருளில் பதிவது ஆகியவை என் வேலை.

நிறுவனம் மாற விரும்பி நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் விண்ணப்பித்து வருகிறேன். அழைப்புகள் அரிதாகவே வருகின்றன, வருபவையும் "செலினியம் (தானியங்கிச் சோதனைக் கருவி) எத்தனை ஆண்டு?" என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. இந்நிலையில் ஒரு கன்சல்டன்சியினர், என் ரெஸ்யூமில் கடைசி இரண்டு ஆண்டுகளை ஆட்டோமேஷன் (ஸ்கிரிப்ட் எழுதித் தானாகச் சோதிப்பது) என்று மாற்றி, மனப்பாடம் செய்வதற்குக் கேள்வி பதில் தொகுப்பும் தருவதாகவும், தேவையானால் வேறொரு நிறுவனத்தின் பெயரில் அனுபவச் சான்றிதழே ஏற்பாடு செய்வதாகவும் கூறி முன்பணம் கேட்கிறார்கள். எல்லாரும் இப்படித்தான் உள்ளே போகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். இது உண்மையா? இல்லையென்றால் நேர்காணலுக்கு எந்த வரிசையில் தயாராக வேண்டும்? எனக்கு நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்பதையும் கணக்கில் கொண்டு அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தரமணி செல்வி:

தம்பி, டெஸ்டிங் பணிக்கு ஆள் எடுக்கும் நேர்காணல் குழுவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன் என்பதால் மேசையின் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்தத் தொகுப்பில் உள்ள கேள்விகள் எங்களுக்கும் தெரியும். செலினியத்தில் பக்கம் தயாராகும்வரை காத்திருக்கும் முறைகளான இம்ப்ளிசிட் வெயிட்டுக்கும் எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் எல்லாரும் ஒரே வாக்கியத்தில் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். அதற்கு அடுத்து, "இரவில் ஓடும் உங்கள் ஸ்கிரிப்டுகளில் வழக்கமாக எத்தனை தோற்கும், காலையில் அதை யார் பார்ப்பார்கள், தோல்விக்குக் காரணம் மென்பொருளா ஸ்கிரிப்டா என்பதை எப்படிப் பிரிப்பீர்கள்?" என்று கேட்பேன். உண்மையாகச் செய்தவர் இந்த இடத்தில் பெருமூச்சு விட்டுவிட்டுப் புலம்பத் தொடங்குவார். மனப்பாடம் செய்தவர் எல்லாம் வெற்றியாகவே ஓடும் என்பார். இரண்டு ஆண்டு அனுபவம் என்று எழுதியவர் குரோம் உலாவியை ஸ்கிரிப்ட் இயக்க உதவும் குரோம் டிரைவரைக் கையால் இறக்கிப் பாதை கொடுப்பதை மட்டுமே விவரித்தால் அதுவும் கண்ணில் படும், ஏனெனில் செலினியம் 4.6 வந்த 2022 முதல் அதனுடனேயே வரும் செலினியம் மேனேஜரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

நீங்கள் சாதாரணமாக நினைக்கும் காப்பீட்டு அனுபவத்தைத்தான் நான் முதலில் கேட்பேன். திட்டத்தில் சேரும் வயது 18 முதல் 65 வரை என்றால் 17, 18, 65, 66 ஆகியவற்றைச் சோதிப்பேன் என்று பாடநூல் படித்த எவரும் சொல்லிவிடலாம். ஆனால் சில திட்டங்களில் நிறைவடைந்த வயதும், சில திட்டங்களில் அருகிலுள்ள பிறந்தநாளின்படியான வயதும் எடுத்துக்கொள்ளப்படுவதால், 65 முடிந்து ஏழு மாதம் ஆனவர் ஒரு திட்டத்தில் 65 ஆகவும் மற்றொன்றில் 66 ஆகவும் கணக்காவார் என்பதையும், ஆகவே எல்லைச் சோதனையைப் பிறந்த தேதியில் வைக்க வேண்டும் என்பதையும், பிப்ரவரி 29 இல் பிறந்தவருக்குத் தனியாக ஒரு டெஸ்ட் கேஸ் தேவை என்பதையும் அந்த வேலையில் ஊறியவர்தான் சொல்ல முடியும். நீங்கள் கண்டுபிடித்த பிழைகளில் மூன்று நான்கைத் தேர்ந்தெடுத்து, அது எப்படித் தென்பட்டது, டெவலப்பர் ஏன் முதலில் ஏற்க மறுத்தார், எந்தத் தரவைக் காட்டி நிறுவினீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ரெஸ்யூமில் எந்த வரியை எழுதினாலும், அதைப் பற்றிப் பத்து நிமிடம் குறுக்குக் கேள்விக்குத் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதே என் அளவுகோல்.

அடுத்தது தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல். இரண்டாவது அதிகபட்சச் சம்பளத்தை எடுக்கச் சொல்லும் கேள்வி சலித்துப்போன ஒன்றுதான், ஆனாலும் இன்றுவரை கேட்கப்படுகிறது. இறங்குவரிசையில் அடுக்கி இரண்டாவது வரியை எடுப்பேன் என்று சொன்னவுடன், முதல் இடத்தில் இருவர் ஒரே சம்பளம் வாங்கினால் என்ன வரும் என்று கேட்பார்கள். அப்போது அதே உச்சச் சம்பளம் மீண்டும் வரும். டிஸ்டிங்ட் (ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுப்பது) அல்லது டென்ஸ்_ரேங்க் (சமமானவற்றுக்கு ஒரே இடம் தருவது) பயன்படுத்தினால்தான் சரியான விடை கிடைக்கும். அட்டவணையில் ஒரே ஒரு சம்பளம்தான் இருக்கிறது என்றால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து வையுங்கள். குறை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட டெஸ்டர், தானே முந்திக்கொண்டு அந்த நிலையைக் குறிப்பிட்டால் எங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

கோவை எச்ஆர்:

பணியமர்த்தும் துறையில் இருப்பவன் என்ற முறையில் சான்றிதழ் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். பின்னணிச் சரிபார்ப்பு என்பது பழைய நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவதோடு முடிந்த காலம் போய்விட்டது. நிறுவனம் மாறினாலும் மாறாத யுஏஎன் எண் 2014 இல் வந்தபின், எந்த நிறுவனம் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்டியது என்பது ஒரே வரலாறாகக் கிடைக்கிறது. அதில் இல்லாத நிறுவனத்தின் பெயரில் சான்றிதழ் கொடுத்தால் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, பிடித்த வருமான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவம் என ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். சேர்ந்து பல மாதம் கழித்து அறிக்கை வந்து வேலையை இழந்தவர்கள் உண்டு. அவர்களின் நிலை வேலை கிடைக்காதவரின் நிலையைவிட மோசமானது, ஏனெனில் அடுத்த இடத்தில் அந்த நீக்கத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். வேலைக்காகப் பணம் வாங்குவதில்லை என்று பெரிய நிறுவனங்கள் தங்கள் தளங்களிலேயே அறிவித்திருக்கின்றன. முன்பணம் கேட்டவுடனேயே அந்தப் பேச்சை நிறுத்தியிருக்கலாம்.

சம்பளம் பேசும்போது சிடிசி (நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) தொகையை மட்டும் பார்த்துத் தலையாட்டாதீர்கள். 8 லட்சம் சிடிசி, அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, வேரியபிள் (செயல்திறனைப் பொறுத்துத் தரும் தொகை) சிடிசியில் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அடிப்படைச் சம்பளத்தில் நிறுவனத்தின் பங்கான 12 சதவீதப் பிஎஃப் 48,000, கிராஜுவிட்டிக்கான (பணிக்கொடை) 4.81 சதவீதம் 19,240, வேரியபிள் 80,000 ஆகியவை போக மாதத்துக்கு ஏறத்தாழ 54,400 ரூபாய்தான் நிற்கும். உங்கள் பங்கான பிஎஃப் 4,000 பிடித்தபின் கைக்கு வருவது 50,400 அளவில் இருக்கும், தொழில் வரி தனி. இந்தப் பிரிவினையை எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை; கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சோழிங்கநல்லூர் வாசி:

மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் செல்வி அக்காவின் நேர்காணல் வரை போவதற்கே அழைப்பு வர வேண்டுமே! முதல் சுற்றில் ரெஸ்யூமைப் பார்ப்பவர் டெஸ்டர் அல்லர். தேடல் பெட்டியில் செலினியம் என்று அடித்து வடிகட்டுபவர். அந்தச் சொல் ரெஸ்யூமில் இல்லாதவரின் காப்பீட்டு அறிவு யார் கண்ணிலும் படாது. எனவே பொய் சொல்லாமலேயே அந்தச் சொல்லைக் கொண்டுவரும் வழியைத்தான் தேட வேண்டும்.

பணி அனுபவத்தின் கீழ் கைவைக்காமல், "சொந்த முயற்சிகள்" என்று தனித் தலைப்பிட்டு, ஜாவாவிலோ பைதானிலோ நீங்களே எழுதிய ஸ்கிரிப்டுகளை நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றி இணைப்புக் கொடுங்கள். பயிற்சிக்கென்றே இருக்கும் கடைத்தளங்களில் லாகின் செய்வதைவிட, ஏதேனும் ஒரு பொதுத் தளத்தின் பிரீமியம் கணிப்பான் போன்ற ஒன்றை எளிய அளவில் நீங்களே உருவாக்கி அதைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் எழுதினால், உங்கள் துறை அறிவும் அதில் தெரியும். போஸ்ட்மேன் என்ற கருவி கொண்டு ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இடைமுகம்) சோதிப்பதை இப்போதைய புராஜெக்டிலேயே குழுவின் லீடிடம் கேட்டுத் தொடங்கலாம்; அது கிடைத்துவிட்டால் பணி அனுபவத்தின் கீழேயே நேர்மையாக எழுத முடியும்.

பெருங்குடி மாறன்:

அனைவருக்கும் நன்றி. கன்சல்டன்சியினரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏபிஐ பற்றி லீடிடம் நாளை கேட்கவிருக்கிறேன். ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை: எல்லா விளம்பரங்களிலும் உடனடியாகச் சேர்பவர் வேண்டும் என்று இருப்பதால், கையில் ஆஃபர் இல்லாமலேயே ராஜினாமா செய்துவிட்டு நோட்டீஸ் காலத்தில் தேடலாமா?

கோவை எச்ஆர்:

வீட்டுக் கடனோ கல்விக் கடனோ இருந்தால் அந்த எண்ணமே வேண்டாம், மாறன். நோட்டீஸில் இருப்பவருக்கு அழைப்பு கூடுதலாக வரும் என்பது உண்மைதான். ஆனால் கடைசி வேலைநாள் நெருங்க நெருங்க, எதிரே இருப்பவர் சொல்லும் சம்பளத்துக்கு நீங்கள் இணங்க வேண்டிவரும். முதலில் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து, மீதி நாட்களுக்குப் பணம் கட்டி விலக வழி இருக்கிறதா, அது நிறுவனத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டதா என்று பாருங்கள். இருந்தால், 90 நாள் என்று மட்டும் சொல்லாமல், பேசிக் குறைக்கலாம் என்று நௌக்ரி விவரத்திலும் தொலைபேசியிலும் குறிப்பிடுங்கள். அந்தத் தொகையைப் புதிய நிறுவனம் ஏற்குமா என்பதை ஆஃபர் கடிதம் வருவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். கடிதத்தில் கையெழுத்திட்டபின் கேட்டால் பெரும்பாலும் நடக்காது.