வெளிநாட்டில் கடன் அட்டை: எந்த நாணயத்தில் செலுத்துவது?

பயணப்பை:
வெளிநாட்டுக் கடைகளில் அட்டையைச் செருகியதும், அந்நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா, உங்கள் சொந்த நாணயத்திலா என்று இயந்திரம் கேட்கிறது. எவ்வளவு போகும் என்பது அங்கேயே தெரிந்துவிடுவதால் நான் சொந்த நாணயத்தையே தேர்ந்தெடுக்கிறேன். ஒரே ஒரு முறை உள்ளூர் நாணயத்தில் செலுத்தினேன். மூன்று நாள் கழித்து ஸ்டேட்மெண்டில் வந்த தொகை, அன்று இணையத்தில் விகிதம் பார்த்து நான் போட்ட கணக்கைவிடக் கூடுதலாக இருந்தது. தெரியாத விகிதத்தைவிடத் தெரிந்த விகிதம் மேல் என்பதே என் கட்சி.

ஐந்தொகை:
நண்பரே, நீங்கள் ஒப்பிட்ட இரண்டும் வெவ்வேறு விகிதங்கள். இணையத் தேடலில் தெரிவது பெரும்பாலும் சந்தையின் நடு விகிதம், அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைப்பட்ட புள்ளி. அந்த விலையில் நமக்கு யாரும் பணம் மாற்றித் தருவதில்லை. உள்ளூர் நாணயத்தில் செலுத்தினால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பின் விகிதம் பொருந்தும். அது நடு விகிதத்தை ஒட்டியே இருக்கும். அதன்மேல் உங்கள் வங்கி தனக்குரிய வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தைச் சேர்க்கிறது. நீங்கள் கண்ட கூடுதல் பெரும்பாலும் அந்தக் கட்டணமாகத்தான் இருக்கும்.

சொந்த நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும்போதோ, மாற்றும் வேலை கடைக்காரரின் பக்கம் போய்விடுகிறது. இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெயர். விகிதத்தை நிர்ணயிப்பது அந்தச் சேவையை நடத்தும் நிறுவனம். லாபத்தில் கடைக்கும் பங்கு உண்டு. நடு விகிதப்படி 10,000 வர வேண்டிய தொகைக்கு வங்கி 3 சதவீதம் சேர்த்தால் 10,300. கடை இயந்திரம் 6 சதவீதம் சேர்த்தால் 10,600. இவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்தான். ஆனால் இரண்டாவது தொகையைத்தான் நீங்கள் 'தெரிந்த விகிதம்' என்கிறீர்கள்.

பயணப்பை:
உங்கள் கணக்கில் வங்கிக் கட்டணம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. சொந்த நாணயத்தில் செலுத்தினால் எனக்கு அந்த 3 சதவீதம் மிச்சம் அல்லவா? மேலும், பரிவர்த்தனை நடக்கும் நாளும் கணக்கில் ஏறும் நாளும் வேறு. இடையில் விகிதம் சரிந்தால் நட்டம் யாருக்கு?

குறுக்குக்கேள்வி:
முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நானே ஏமாந்திருக்கிறேன். சில வங்கிகள், தொகை சொந்த நாணயத்திலேயே இருந்தாலும், கடை வெளிநாட்டில் பதிவானது என்பதற்காகவே ஒரு கட்டணம் வசூலிக்கின்றன. அப்போது கடைக்காரரின் விகிதத்தையும் சுமந்து, வங்கிக் கட்டணத்தையும் சுமக்கிறோம். உங்கள் அட்டையின் கட்டண அட்டவணையைப் பார்க்காமல் மிச்சம் என்று சொல்ல முடியாது.

ஐந்தொகை:
நாள் இடைவெளி உண்மைதான். கடை அனுப்பும் பரிவர்த்தனையை வலையமைப்பு கையாளும் நாளின் விகிதமே பொதுவாகப் பொருந்தும். ஆனால் அந்த ஏற்ற இறக்கம் இரு திசையிலும் போகும், சில நேரம் உங்களுக்குச் சாதகமாகவும் அமையும். இயந்திரத்தின் கூடுதலோ ஒரே திசையில்தான் போகிறது. உங்கள் கவலை நியாயமாகும் இடம் ஒன்று உண்டு: ஒரே வாரத்தில் பெருமளவு ஆடும் நாணயங்கள். அங்கும்கூட, திரையில் காட்டும் விகிதத்தை வலையமைப்பின் இணையதளக் கணிப்பானோடு ஒப்பிட்ட பிறகே முடிவெடுப்பேன்.

பயணப்பை:
ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் பின்னால் வரிசை நிற்க, காசாளர் தாமே பொத்தானை அழுத்திவிட்டால் என்ன செய்வது?

குறுக்குக்கேள்வி:
தேர்வு அட்டைதாரருடையது, விசா, மாஸ்டர்கார்டு விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. ரசீதில் உங்கள் நாணயம் அச்சாகியிருந்தால், அங்கேயே ரத்து செய்து உள்ளூர் நாணயத்தில் மீண்டும் போடச் சொல்லுங்கள். வீடு திரும்பிய பிறகு வாதாடுவது கடினம். நான் மூன்று முறை கேட்டிருக்கிறேன். ஒரு காசாளர் மட்டும் முகம் சுளித்தார்.