புதுப்பிப்பு: தடித்து வளர்ந்த தழும்பு, ஊசி தொடங்கிய பிறகு

தோளில் காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து, அரிப்போடு காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்கிறது, வெட்டி எடுத்துவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அக்கறையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தோல் மருத்துவர் கீலாய்டுதான் என்றார். வெட்டவில்லை. வெறுமனே வெட்டினால் அது இன்னொரு காயம், இன்னொரு அழற்சி. பெரும்பாலும் திரும்ப வந்துவிடும், சிலருக்கு முன்பைவிடப் பெரிதாகவே.

காயம் ஆற அழற்சி தேவைதான். மேக்ரோஃபேஜ் செல்கள் கிருமிகளையும் சிதைந்த திசுவையும் அகற்றி, டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. அதைக் கேட்டு ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை உருவாக்குகின்றன. வேலை முடிந்ததும் அழற்சி அடங்க வேண்டும். கீலாய்டில் அடங்குவதில்லை, கொலாஜன் குவிந்துகொண்டே போகிறது. கருவின் தொடக்க மாதங்களில் தோல் காயம் தழும்பே இல்லாமல் ஆறுமாம். அங்கே அழற்சி மிகக் குறைவு. கேட்டதிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். சில வார இடைவெளியில் தழும்புக்குள்ளேயே டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, கூடவே தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கோன் பட்டை. ஊசி நன்றாகவே வலிக்கும். ஆனால் முதலில் அரிப்பு நின்றது, இப்போது தடிப்பும் இறங்குகிறது. ஊசி போட்ட இடத்தில் தோல் சற்று வெளுத்திருக்கிறது. இந்த மருந்தால் அப்படி ஆவதுண்டு என்று முன்பே சொல்லியிருந்தார். அடுத்த ஊசிக்குப் பிறகு மறுபடி எழுதுகிறேன்.