எல்லா ஷெப்பர்டின் தாயாரை 1860ஆம் ஆண்டின் அடிமைப் பட்டியலில் அடையாளம் காண முடியுமா? உதவி தேவை

கேட்டவர்: இசைவரலாற்று மாணவி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரிலுள்ள ஃபிஸ்க் கல்லூரியின் ஜூபிலி பாடகர்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டில், 1866இல், தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி சில ஆண்டுகளிலேயே கடனில் மூழ்கியபோது, அதன் பொருளாளர் ஜார்ஜ் வைட் 1871 அக்டோபர் 6 அன்று மாணவர் குழு ஒன்றை அழைத்துக்கொண்டு கச்சேரி செய்து நிதி திரட்டப் புறப்பட்டார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அவர்களுடைய இசையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு வேண்டியது அவர்களுடைய குடும்பங்களின் வரலாறு.

குழுவின் பியானோ கலைஞராகவும் துணைப் பயிற்றுநராகவும் இருந்த எல்லா ஷெப்பர்டிடமிருந்து தொடங்கினேன். அவர் 1851இல் நாஷ்வில் பகுதியில் பிறந்தார். தந்தை சைமன் 1,800 டாலர் செலுத்தித் தம் விடுதலையை வாங்கிக்கொண்டவர்; பின்னர் 350 டாலர் கொடுத்து மகளையும் மீட்டார். தாய் சாராவையும் அவருக்கே விற்பதாகச் சொல்லியிருந்த எஜமானி பிறகு வாக்கு மாறினார். சாரா மிசிசிப்பிக்குக் கொண்டு செல்லப்பட்டார். போர் முடிந்த பிறகுதான் தாயும் மகளும் மீண்டும் சேர்ந்தார்கள்.

என் சிக்கல் இதுதான். இணையத்தில் ஒருவர் ஏற்றியிருக்கும் குடும்ப மரத்தில், 1860ஆம் ஆண்டு டென்னசி அடிமைப் பட்டியலில் ஷெப்பர்ட் என்னும் உடைமையாளரின் பெயருக்குக் கீழே உள்ள இரண்டு வரிகளைத் தாய், மகள் எனக் குறித்து, அதையே சான்றாக இணைத்திருக்கிறார்கள். வயதும் பாலினமும் ஏறத்தாழப் பொருந்துகின்றன. இதை என் கட்டுரையில் ஏற்றுக்கொள்ளலாமா? இல்லையென்றால், 1870க்கு முந்தைய காலத்தில் சாராவை வேறு எந்த ஆவணத்தில் தேடுவது? குழுவிலிருந்து இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட தாமஸ் ரட்லிங், ஐசக் டிக்கர்சன் ஆகியோரின் தடத்தை எங்கே பிடிப்பது என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஆவணக்கூடம்

வணக்கம் அம்மா. அந்த இரண்டு வரிகளையும் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். 1850, 1860 ஆகிய இரு கணக்கெடுப்புகளிலும் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும், அவருக்குக் கீழே ஒவ்வோர் அடிமைக்கும் வயது, பாலினம், நிறம் என்று ஒரு வரி இருக்கும், பெயர் இருக்காது. மிக அரிதான சில இடங்களைத் தவிர நாடு முழுவதும் இதுவே நிலை. ஒரு பெண், ஒரு சிறுமி என்ற இரண்டு வரிகள் அடுத்தடுத்து வருவதால் அவர்கள் தாயும் மகளும் ஆகிவிட மாட்டார்கள். பல கணக்கெடுப்பாளர்கள் வயது வரிசையில் எழுதினார்கள், குடும்ப வரிசையில் அல்ல. போதாக்குறைக்கு, கூலிக்கு அனுப்பப்பட்ட அடிமை சில வேளைகளில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வராமல், அவரை அமர்த்தியவரின் பெயருக்குக் கீழே வந்துவிடுவதும் உண்டு.

ஆனால் இந்த மரத்தில் அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் வரலாற்றின்படியே, 1860இல் பாடகி எல்லா அடிமை அல்லர். தந்தை அவரை வாங்கிவிட்டார். குடும்பம் 1850களின் பிற்பகுதியிலேயே ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டிக்குப் போய்விட்டது. ஒஹாயோவில் அடிமை முறை இல்லை. ஆகவே அந்தச் சிறுமி டென்னசி அடிமைப் பட்டியலில் இருக்கவே முடியாது. சின்சினாட்டி அடங்கிய ஹாமில்டன் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சுதந்திர மக்கள் பட்டியலில், பெயரோடும் வயதோடும் பிறந்த மாநிலத்தோடும் தேட வேண்டியவர். தாயோ மிசிசிப்பியில் இருந்திருப்பார். ஒரே குடும்பத்தின் இருவரை இரண்டு மாநிலங்களில், இரண்டு வகையான ஏடுகளில் தேட வேண்டியிருக்கிறது. அந்த மரத்தை வரைந்தவர் இருவரையும் ஒரே பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்.

இந்த வகைத் தேடலில் நான் எப்போதும் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, குறிப்பிட்ட அந்த ஆண்டில் குறிப்பிட்ட அந்த மாநிலத்தில் சட்டத்தின் கண்ணில் இவர் ஒரு நபரா, சொத்தா என்பதே. நபர் என்றால் மக்கள் கணக்கெடுப்பு, திருமணப் பதிவு, நகர முகவரிக் கையேடு ஆகியவற்றில் தேடலாம். சொத்து என்றால் சொத்துக்குரிய ஏடுகளில்தான் தேட வேண்டும்: கிரயப் பத்திரம், உயில், இறந்தவரின் சொத்து மதிப்பீட்டுப் பட்டியல், பாகப்பிரிவினை, அடமானப் பத்திரம், கடன் வழக்கு. கேட்கக் கூசும் வேலைதான். ஆனால் கணக்கெடுப்பில் பெயர் மறுக்கப்பட்டவர்களுக்கு இந்த ஏடுகளில் பெயர் இருக்கிறது, ஏனென்றால் எந்த அடிமை யாருக்குப் போகிறார் என்று சொல்ல வாரிசுகளுக்குப் பெயர் தேவைப்பட்டது. மாடு, கலப்பை, கட்டில் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு பெண்ணின் பெயரும், அவளுடைய குழந்தையின் பெயரும், எதிரே ஒரு தொகையும் எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள்.

உங்கள் தேடலில் மிக நம்பிக்கையூட்டும் இடம் சைமன் செய்த கிரயங்கள். அடிமைகளை விற்ற பத்திரங்கள் கவுண்டிப் பத்திரப் பதிவேடுகளில் நிலப் பத்திரங்களோடு கலந்தே பதியப்பட்டன. நாஷ்வில் அடங்கிய டேவிட்சன் கவுண்டியின் பழைய ஏடுகளுக்கு நாஷ்வில் மெட்ரோ ஆவணக் காப்பகத்தையும் டென்னசி மாநில நூலக ஆவணக் காப்பகத்தையும் அணுகுங்கள். எல்லாக் கிரயமும் பதிவுக்கு வந்ததில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் கிடைக்காதது நடக்காததற்குச் சான்று ஆகாது.

சைமன் பிறகு மறுமணம் செய்துகொண்டார் என்பதை அறிவீர்கள். அந்த இரண்டாம் மனைவியையும் அவர் விலைக்கு வாங்கித்தான் மணந்தார். விடுதலைப் பத்திரம் எழுதப்படாததால் சட்டப்படி அவர் கணவரின் சொத்தாகவே இருந்தார். இதை வியப்பாகப் பார்ப்பவர்கள் டென்னசிச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்: 1831ஆம் ஆண்டுச் சட்டம், விடுதலை பெறுபவர் மாநிலத்தை விட்டே வெளியேற வேண்டும் என்றது. உற்றாரை வாங்கியவர்கள் பலர் அவர்களைத் தாளில் அடிமையாகவே வைத்திருந்ததற்கு இத்தகைய சட்டங்கள் ஒரு காரணம். சைமனுக்குக் கடன் நெருக்கடி வந்தபோது, கடன்காரர்கள் மனைவியைச் சொத்தாகக் கைப்பற்றக்கூடும் என்ற அச்சமே குடும்பத்தைச் சின்சினாட்டிக்கு விரட்டியது. எனவே உடைமையாளர் பட்டியலில் சைமனின் பெயரே இருக்கிறதா என்றும், கடன் வழக்கு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி: கணக்கேடு

மேலே எழுதியவர் 1865க்கு முந்தையதை விளக்கிவிட்டார். பிந்தையதைப் பற்றிச் சில.

தென் மாநிலங்களில் விடுதலை பெற்ற மக்கள் அனைவரையும் பெயரிட்டுப் பதிந்த முதல் கணக்கெடுப்பு 1870. அதில் குடும்பத் தலைவரோடு உள்ள உறவு எழுதப்படவில்லை. அது 1880இல்தான் வருகிறது, பெற்றோர் பிறந்த மாநிலமும் 1880இலேயே வருகிறது. 1870இல் ஒரே வீட்டில் இருப்பவரைப் பார்த்ததும் மகன், மனைவி என்று எழுதிவிடுவது இத்துறையில் மிகப் பரவலான பிழை. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தால் அது ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. 1900 மிக நல்ல ஏடு: பிறந்த மாதமும் ஆண்டும் உண்டு, ஒரு பெண் எத்தனை குழந்தைகளைப் பெற்றார், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதும் உண்டு. பாடகி 1882இல் ஜார்ஜ் மூர் என்னும் போதகரை மணந்தார். அதன் பின் மூர் என்ற பெயரிலேயே தேடுங்கள்.

விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியின் பதிவேடுகளை விட்டுவிடாதீர்கள். 1865 முதல் 1874 வரை இயங்கிய அந்த வங்கிக்கு நாஷ்விலிலும் கிளை இருந்தது. கணக்குத் தொடங்குபவரை அடையாளம் காண்பதற்காக வயது, பிறந்த இடம், பெற்றோர், உடன்பிறந்தோர், சிலரிடம் முன்னாள் எஜமானரின் பெயர் வரை கேட்டு எழுதினார்கள். வங்கி திவாலாகி ஏழைகளின் பணத்தை விழுங்கியது. பதிவேடு மட்டும் நமக்கு மிஞ்சியது. இங்கே பாடகியை மட்டும் தேடாதீர்கள், உறவினரையும் தேடுங்கள். பின்னாளில் பாடகியோடு நாஷ்விலில் வாழ்ந்த தாயும், ரோசா என்னும் தாய்வழித் தங்கையும் ஊர் ஊராகச் சுற்றியவர்கள் அல்லர். அத்தகையோர்தான் உள்ளூர் ஏடுகளில் அகப்படுவார்கள்.

பாடகி 1914 ஜூன் மாதம் நாஷ்விலில் இறந்தார். டென்னசியில் 1913ஆம் ஆண்டுக்கு மாநில அளவிலான இறப்புப் பதிவு கிடையாது. 1914 ஜனவரியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அவருடைய சான்றிதழ் இருக்க வேண்டும். அதன் படிவத்தில் பெற்றோர் பெயருக்கு இடம் உண்டு. தகவல் தந்தவர் யார் என்ற வரியை மட்டும் முதலில் படியுங்கள். கணவர் சொன்ன மாமியார் பெயரும், அண்டை வீட்டார் சொன்ன மாமியார் பெயரும் ஒரே எடை உடையவை அல்ல.

கேட்டவர்: இசைவரலாற்று மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. 1860இல் குடும்பமே இரண்டு மாநிலங்களில் பிரிந்திருந்தது என்பது என் தேடலின் வரைபடத்தையே மாற்றிவிட்டது. ஒரு துணைக் கேள்வி: குழுவின் பயணத்தைப் பற்றி கஸ்டவஸ் பைக் 1873இல் வெளியிட்ட நூலில் பாடகர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் உள்ளன. பாடகர்கள் உயிரோடு இருந்தபோதே அச்சானவை என்பதால் அவற்றை முதன்மைச் சான்றாகக் கொள்ளலாமா?

மறுமொழி: ஆவணக்கூடம்

கொள்ளலாம், ஆனால் எதற்குச் சான்று என்பதைப் பிரித்துக்கொண்டு. கல்லூரிக்கு நன்கொடை கேட்கும் பணியில் இருந்தவர் எழுதியது அது. கொடையாளர் நெஞ்சைத் தொடும் நிகழ்ச்சிகள் முன்னே நிற்கும். எஜமானர் குடும்பத்தோடு இருந்த இரத்த உறவு போன்றவை மங்கும் அல்லது மறையும். பெயர், ஊர், விற்கப்பட்ட விவரம் ஆகியவற்றைத் தேடலுக்கான துப்பாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு கவுண்டி ஏட்டோடு ஒப்பிடுங்கள். பிறந்த ஆண்டில் தனி எச்சரிக்கை வேண்டும். தம் பிறந்த நாளை அறியும் வாய்ப்பே அடிமைகளாகப் பிறந்த பலருக்குக் கிடைக்கவில்லை.

சுதந்திரமாகப் பிறந்தவருடைய தடம் எவ்வளவு வேறாக இருக்கும் என்பதைப் பார்க்க, பின்னாளில் குழுவில் சேர்ந்த ஃபிரடெரிக் லௌடினை ஒப்பிடுங்கள். ஒஹாயோவின் போர்ட்டேஜ் கவுண்டியில் சுதந்திரக் குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே அவரையும் குடும்பத்தாரையும் பெயரைக் கொண்டு தேடலாம். 1884 முதல் 1890 வரை அவர் தலைமையில் ஒரு ஜூபிலி குழு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, ஜப்பான் என உலகைச் சுற்றியது. ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் ஆகிய இலவசச் செய்தித்தாள் தளங்களில் அந்தப் பயணத்தைப் பின்தொடரலாம். பாடகர்களின் திருமணம், நோய், பிரிவு ஆகியவை அமெரிக்க ஏடுகளில் இல்லாமல் அங்கே இருக்கக்கூடும்.

மறுமொழி: யார்க்‌ஷயர்வாசி

ரட்லிங், டிக்கர்சன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டென்னசியின் வில்சன் கவுண்டியில் பிறந்த ரட்லிங், பாடகராகவும் இசை ஆசிரியராகவும் வாழ்ந்து 1915இல் எங்கள் பக்கத்து ஹாரோகேட்டில் இறந்தார். க்ரோவ் சாலைக் கல்லறையில் அடக்கமாகியிருக்கிறார். வர்ஜீனியாவின் வைத்வில்லைச் சேர்ந்த டிக்கர்சன், மதபோதகராகி 1900இல் லண்டனின் பிளம்ஸ்டெட்டில் காலமானார். ஆகவே ரட்லிங்குக்கு 1901, 1911 கணக்கெடுப்புகளையும், டிக்கர்சனுக்கு 1881, 1891 கணக்கெடுப்புகளையும் பாருங்கள். 1911க்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: வீட்டார் தம் கையால் நிரப்பிய படிவங்களே பாதுகாக்கப்பட்டுள்ளன. வெளிநாட்டில் பிறந்தவருக்கு நாட்டின் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடுவதும் உண்டு. ரட்லிங் என்ற பெயரைக் காதில் கேட்டபடி எழுதியிருப்பார்கள் என்பதால் எழுத்து மாற்றங்களையும் தேடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அக்கால இங்கிலாந்து இறப்புச் சான்றிதழில் வயது வந்தோரின் பெற்றோர் பெயர் இருக்காது. திருமணப் பதிவில்தான் தந்தையின் பெயரும் தொழிலும் வரும். ரட்லிங்கின் பெற்றோரை அறிய வேண்டுமானால் திரும்பவும் வில்சன் கவுண்டியின் உயில்களுக்கும் சொத்துப் பட்டியல்களுக்கும்தான் போக வேண்டும். குடும்பப் பெயர் அங்கிருந்த ஓர் உடைமையாளரிடமிருந்து வந்ததா என்பதும் அங்கேயே தெரியவரும்.

கேட்டவர்: இசைவரலாற்று மாணவி

மிக்க நன்றி ஐயா. நாஷ்வில் காப்பகத்துக்குக் கடிதம் எழுத இருக்கிறேன். எப்படிக் கேட்டால் பயன் தரும்?

மறுமொழி: ஆவணக்கூடம்

"எல்லா ஷெப்பர்டின் குடும்பத்தைப் பற்றி உள்ளவற்றை அனுப்புங்கள்" என்று கேட்காதீர்கள்; அச்சில் வந்த கட்டுரைகளின் நகல்தான் வரும். டேவிட்சன் கவுண்டிப் பத்திரப் பதிவேட்டின் அட்டவணையில், 1851 முதல் 1860 வரை, வாங்கியவர் வரிசையில் சைமன் ஷெப்பர்ட் என்ற பெயர் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேளுங்கள். ஷெப்பர்ட் என்பதை ஒற்றை எழுத்தோடும் இரட்டை எழுத்தோடும், இறுதியில் ஏ ஆர் டி, இ ஆர் டி, ஹெச் இ ஆர் டி என்று பல விதமாகவும் எழுதுவார்கள் என்பதால் அந்த வடிவங்களையும் கடிதத்திலேயே குறித்துவிடுங்கள். பதிவு கிடைத்தால் தொகுதி எண், பக்க எண்ணோடு படிமம் கேளுங்கள். விற்றவரின் பெயர் அதில் தெரிந்ததும், அடுத்த கடிதம் அந்தப் பெயரைக் கொண்டு மிசிசிப்பிக்குப் போகட்டும்.