5எஸ் வேலை அனுபவத்தைச் சுயவிபரக் கோவையில் எழுதுவது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உற்பத்தி முகாமைத்துவத்திலோ தரக்கட்டுப்பாட்டிலோ பணியாற்றும் அண்ணாமார், அக்காமாரிடம் ஆலோசனை வேண்டி இதை எழுதுகிறேன்.

நான் கல்முனைப் பக்கத்து அரிசி ஆலையொன்றின் களஞ்சியசாலையில் வேலை செய்கிறேன். அங்கே 5எஸ் முறையை (தேவையற்றதை அகற்றி, எஞ்சியதை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைத்து, அதைத் தொடர்ந்து பேணும் ஜப்பானிய வேலையிட முறை) நடைமுறைப்படுத்தியபோது, தேவையற்ற உதிரிப்பாகங்களுக்குச் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கியதும், முதலில் வந்த மூடை முதலில் வெளியேறும்படி அடுக்குகளை மாற்றியதும், ஒவ்வொரு பொருளுக்கும் இடத்தைக் கோடிட்டுக் குறித்ததும் என் பொறுப்பில் நடந்தன. (பெயின்ட் அடிப்பதுதான் 5எஸ் என்று நினைப்போர் இன்னமும் இருக்கிறார்கள்.) டொயோட்டா வாகன நிறுவனத்தின் தாய்ச்சி ஓனோ, உற்பத்தியில் குறைக்க வேண்டியவை என வகுத்த ஏழு விரயங்களில், மிகையான இருப்பும் வீண் நடையும்தான் எங்களிடம் அதிகம் என்பது என் கணிப்பு.

இப்போது ஆடைத் தொழிற்சாலையொன்றில் உற்பத்தித்திறன் உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். மாற்றத்துக்கு முன்னர் ஒரு பொருளைத் தேடியெடுக்க எவ்வளவு நேரம் சென்றது என்பதை ஆலையில் எவரும் அளந்து வைக்கவில்லை. அளவீடு இல்லாமல் "நேரத்தை மிச்சப்படுத்தினேன்" என்று எழுதினால், நேர்முகப் பரீட்சையில் முதற் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். கையிலுள்ள பழைய வழங்கல் பதிவேடுகளையும் முன், பின் எடுத்த படங்களையும் கொண்டு இதை நேர்மையாக எவ்வாறு எழுதலாம்?

தேசிய உற்பத்தித்திறன் செயலகத்தின் பயிற்சியை முதலில் முடிப்பது நல்லதா, அல்லது குறைபாடுகளைக் குறைக்கும் தர மேம்பாட்டு முறையான சிக்ஸ் சிக்மாவின் மஞ்சள் பட்டி எனும் ஆரம்பநிலைச் சான்றிதழுக்குச் செலவழிப்பது பயனுள்ளதா என்பதையும் அறியத் தாருங்கள். மாதிரிச் சுயவிபரக் கோவை வைத்திருப்போர் சொந்த விபரங்களை நீக்கிவிட்டு உட்பெட்டியில் அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.